பூச்சியின் இரண்டாவது வால்

நிச்சயதார்த்த வீட்டில் பிரியாணி பரிமாறிய இலைக்கு முன்னால் உட்கார்ந்து நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, பெரியம்மா என்னைக் கை காட்டினார்.

"இவதான் அந்தப் பூச்சி வாலப் பிச்சவ. அவங்க அம்மா வேலைக்கே உலை வச்சவ. ஒத்துக்கோடி இப்பவாவது, தலை நரைச்சுப் போச்சு."

"நான் பிக்கல பெரியம்மா" என்றேன்.

அதற்கும் சிரித்தீர்கள். கை கழுவுகிற இடத்தில் உங்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, வயதான மனுஷி, ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். குழாயடியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். நாம் ஒரு வயதுக்காரர்கள், ஒரே கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியவர்கள். நான் சொல்லும் இடங்கள் எல்லாம் உங்களுக்கும் தெரியும்.

உழவர்கரையில் இப்போது டைல்ஸ் கடை இருக்கும் இடத்தில் அப்போது ஓடு போட்ட நீளக் கொட்டகை ஒன்று இருந்தது. முதலாளி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றுத் திரும்பிய சொல்தா. பிரான்சில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் மீன்பிடி சாமான் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்காக இங்கே பெண்கள் தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டினார்கள். ஈயை பிரெஞ்சில் முஷ் என்பார்கள். கொட்டகைக்கு முஷ் கம்பெனி என்று பெயர் வந்தது அப்படித்தான்.

உள்ளே மின்விசிறி கிடையாது. போட்டால் இறகு பறக்கும். காற்று வரும் என்று ஜன்னலையும் சாத்தி வைத்திருப்பார்கள். வேனலில் கதவைத் திறந்தால் வார்னிஷ் வாடை, கோழி இறகு வாடை, வியர்வை எல்லாம் சேர்ந்து முகத்தில் அடிக்கும். கூரையில் ஓர் இடத்தில் மட்டும் கண்ணாடி ஓடு பதித்திருந்தது. அதன் வழியே இறங்கிய வெளிச்சத்தில் அம்மாவின் நாற்காலி. அந்த இடம் யாருக்கும் கிடைத்துவிடாது. புது மாதிரி வந்தால் அதைப் பார்த்து முதல் பூச்சியைக் கட்டுகிறவளின் இடம் அது. மேற்பார்வை பெரியம்மா, அம்மாவின் கூடப் பிறந்த அக்கா, ஞானஸ்நானத்தில் எனக்கு ஞானத்தாய். அம்மாவை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாம் புதுநன்மை வாங்கிய வருடம் வந்த மாதிரி ஒரு கல்லுப்பூச்சியின் குஞ்சு. குளிர் நாட்டு ஆறுகளில் கூழாங்கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதைத் தின்கிற மீனுக்கு ட்ரவுட் என்று பெயர். கொட்டகைச் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்த மீனின் படம் இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளி. பெண்கள் அதை அம்மை போட்ட மீன் என்றார்கள். பூச்சியைக் கரப்பான்குஞ்சு என்றார்கள். மீனையும் பூச்சியையும் உயிரோடு பார்த்தவர் அந்தக் கொட்டகையில் எவரும் இல்லை, முதலாளி உட்பட.

கட்டும் வரிசையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முள்ளை வைஸ் என்கிற பிடிகருவியில் இறுக்க வேண்டும். பூச்சி தண்ணீரில் அடியோடு போக வேண்டும் என்பதால் முள்ளின் தண்டில் ஈயக்கம்பி சுற்ற வேண்டும். அதன் மேல் நூல். பின்னால் வால், வாத்துச் சிறகின் ஓரத்தில் இருக்கும் விறைப்பான இழையில். உடம்புக்குத் தேன் நிறக் கம்பளியைப் பிய்த்து நூலில் முறுக்கிச் சுற்ற வேண்டும். பூச்சியின் வயிற்றில் வளையம் வளையமாகத் தெரிவதற்கு மேலே செம்புக்கம்பி. முதுகுக்கு வான்கோழி இறகை மடித்து வைக்க வேண்டும். காலுக்குக் கோழியின் கழுத்து இறகு. கடைசியில் தலையில் முடிச்சு, முதுகில் ஒரு சொட்டு வார்னிஷ்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எவளும் தன் யோசனையை அதில் சேர்க்கக் கூடாது. மாதிரியில் ஒரு மயிர் துருத்திக்கொண்டிருந்தால் கட்டுகிற ஒவ்வொன்றிலும் அந்த மயிர் துருத்த வேண்டும். "மாதிரில இன்னா இருக்கோ அதான் வேதம்" என்பார் பெரியம்மா. ஒரு முறை மாதிரியின் காலில் பசை சிந்திக் காய்ந்திருந்ததாம். அதே இடத்தில் பசை வைத்தே எல்லாப் பூச்சியையும் கட்டி அனுப்பினார்களாம். அங்கிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

கல்லுப்பூச்சி மாதிரியைப் பெரியம்மா தபாலில் வந்த உறையோடு கொடுத்தார். அம்மா அன்றைக்கு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெள்ளைத்தாளில் வைத்து, கைப்பிடி போன பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன், ஏனென்றால் அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அதற்கு ஒரே வால். முதுகு வார்னிஷில் குறுக்கே ஒரு கீறல். வயிற்றுக் கம்பளி ஒரு பக்கம் பிசிராக வெளியே வந்திருந்தது. முள்ளின் வளைவில் துரு. இவ்வளவும் எனக்கு நினைவில் நிற்கக் காரணம், பார்க்க மட்டும்தான் அனுமதி இருந்தது.

மறுநாளிலிருந்து கொட்டகையில் எல்லோரும் ஒரே வால் வைத்துக் கட்டினார்கள். வயிற்றைக் கொஞ்சம் பிசிராக விட்டார்கள். துருவை மட்டும் யாராலும் செய்ய முடியவில்லை.

சரக்கு போன வேகத்தில் திரும்பி வந்தது. கல்லுப்பூச்சிக்கு இரண்டு வால், இது குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று கடைக்காரர் தொலைபேசியில் கத்தினாராம். எங்கள் ஊர்க் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று முதலாளி கேட்டிருக்கலாம். அவர் பெரியம்மாவைக் கேட்டார். பெரியம்மா, நான் கொடுக்கும்போது இரண்டு வால் இருந்தது, தங்கை வீட்டில் பிள்ளை பிய்த்துவிட்டது என்றார்.

அம்மாவின் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாள். பெரியம்மா வீட்டுக்கு வந்து சொன்னது இதுதான்: பிள்ளை முதலாளி முன்னால் வந்து நான்தான் பிய்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். சின்னப்பிள்ளை செய்ததற்கு அவர் மனசு இரங்குவார், இடம் திரும்பக் கிடைக்கும்.

அம்மாவும் என்னைக் கெஞ்சினாள்.

"ஒரு வார்த்தைடி. தெரியாம பிச்சிட்டேன்னு சொல்லிடு. உன்ன யாரும் அடிக்க மாட்டாங்க."

"பிக்காததை எப்பிடிம்மா பிச்சேன்னு சொல்றது?"

"வாயால தான்."

"பொய் பாவம்னு உபதேசியார் சொன்னாரு. அப்ப இந்தப் பொய்யையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும். யாரு சொல்லச் சொன்னதுன்னு சாமியார் கேட்டா உன் பேரச் சொல்லட்டுமா?"

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பிய்த்தேன் என்று அவளும் நம்புகிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலை போனது பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அந்தப் பார்வைதான் பெரிது.

சும்மா உட்கார அம்மாவுக்குத் தெரியாது. வீட்டில் மிச்சமிருந்த சாமானை வைத்து, இரண்டு வாலோடு சில கல்லுப்பூச்சிகள் கட்டினாள். சரியாகக் கட்டத் தெரியும் என்று அக்காவிடம் காட்டுவதற்காக. பெரியம்மா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அவற்றை இருமல் மிட்டாய் வந்த தகர டப்பாவில் போட்டு மாடத்தில் வைத்தாள். வட்ட டப்பா, மூடியில் பைன் மரப் படம். எந்த வீடு மாறும்போது அது தொலைந்தது என்று தெரியவில்லை.

அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் நோணாங்குப்பம் கழிமுகத்துக்குத் தூண்டில் போடப் போவார். அந்த ஞாயிறு என்னையும் கூப்பிட்டார். வீட்டில் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தது அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். மிதிவண்டியில் ஏறும்போது, "அந்தப் பிரான்சு பூச்சி ரெண்டு எடுத்துட்டு வா. நம்ம மீனு மோந்து பாத்துட்டு சிரிக்கட்டும்" என்றார். அம்மா டப்பாவைத் திறந்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது அங்கே படகு ஏற வரிசை நிற்கிறது, செல்ஃபி எடுக்கிறார்கள். அப்போது பாலத்தடியில் நாங்கள், எருமைகள், தூரத்தில் இரண்டு கட்டுமரம். சேற்று வாடையும் உப்பு வாடையும் கலந்த காற்று. கழிமுகத்தில் நீர் வடிந்துகொண்டிருந்தது. அப்பா தன் தூண்டிலில் இறால் குத்தினார். எனக்கு ஒரு மூங்கில் கம்பும் நைலான் நரம்பும் கொடுத்து, தக்கைக்குக் கீழே கல்லுப்பூச்சியைக் கட்டிவிட்டார். ஈயத்தின் கனத்தில் தக்கையும் சேர்ந்து முழுகியது.

"கனமா இருக்குப்பா."

"அப்ப தக்கையக் கழட்டிடு. அதுக்கு எங்க போவணும்னு தோணுதோ அங்க போவட்டும்."

தக்கையைக் கழற்றினேன். பாலத்தின் தூணுக்கு நீர் வரும் பக்கம் போட்டேன். நீரோட்டம் பூச்சியை இழுத்துக்கொண்டு தூணடிக் கற்களின் மேல் உருட்டிக்கொண்டு போனது. கல்லில் தட்டுவது நரம்பு வழியாக விரலுக்குத் தெரிந்தது, டக், டக் என்று. கூழாங்கல்லுக்கு அடியில் வாழும் பூச்சியென்றால் இப்படித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று தட்டுவது நின்றது. கல்லில் மாட்டிக்கொண்டது என்று தூக்கினேன். கல் திருப்பி இழுத்தது.

கீச்சான். உள்ளங்கை அளவு, உடம்பில் வளைந்த கறுப்புக் கோடு. கரைக்கு வந்ததும் அதன் வழக்கப்படி கீச்கீச்சென்று கத்தியது. செவுள் முள் குத்தும் என்று அப்பா துணியால் பிடித்து முள்ளைக் கழற்றினார். "நம்ம ஊரு மீனு சிரிக்கலயே, முழுங்கிடுச்சே" என்றார்.

அதே பூச்சியை மறுபடி போட்டேன். மறுபடியும் கீச்சான். பிறகு இன்னொன்று. அதைக் கழற்றியபோது பூச்சிக்கு ஒரே வால்தான் இருந்தது.

நான் கத்தவில்லை. கம்பைக் கீழே வைத்துவிட்டுப் பூச்சியைக் கையில் வைத்துப் பார்த்தேன். முதுகு வார்னிஷில் குறுக்கே கீறல். வயிற்றுக் கம்பளி ஒரு பக்கம் பிசிராக வெளியே. தற்செயலாக இருக்கலாம் என்று இரண்டாவது பூச்சியையும் கட்டிப் போட்டேன். அதற்கு வால் போக மேலும் சில மீன்கள் ஆயின. ஆனால் போனது. அப்பா தன் இறாலை மறந்துவிட்டு என் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"வீட்டுக்குப் போயி ஒண்ணும் பேசாத. அம்மா கையில குடு, போதும்" என்றார்.

அன்று வீட்டில் உறவினர் கூட்டம். கொடுக்க முடியவில்லை. காலையில் பார்த்தால் உப்புத்தண்ணீர் தன் வேலையைச் செய்திருந்தது. முள்ளின் வளைவில் துரு பூத்திருந்தது. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நீட்டினேன். அவள் முகம் வெளுத்தது.

"மாதிரிய எங்கடி எடுத்த? கம்பெனிக்குள்ள போனியா?"

"மாதிரி இல்லம்மா. நீ டப்பாலருந்து எடுத்துக் குடுத்தது. டக் டக்னு கல்லுல தட்டிக்கினே போச்சு, கீச்சான் கடிச்சி ஒரு வாலு போச்சு."

அம்மா முறத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்புற வெளிச்சத்துக்குப் போனாள். பூதக்கண்ணாடி கேட்கவில்லை. தலையில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். அது தன்னுடைய முடிச்சு என்று அவளுக்குத் தெரியும். வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்த மாதிரியும் தண்ணி பாத்த பூச்சிதான்" என்றாள். "யாரோ மீன் புடிச்சிட்டு, பொட்டியிலருந்து பழச எடுத்து அனுப்பிட்டான்."

பிறகு என் விரல்களை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவை அழுக்காக இல்லை.

அன்று மாலையே என்னைக் கூட்டிக்கொண்டு உழவர்கரைக்குப் போனாள். பெண்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். பெரியம்மா தரையில் சிதறிய இறகைக் கூட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூடி போட்ட பெட்டியிலிருந்து மாதிரியை எடுக்கச் சொல்லி, அதன் பக்கத்தில் எங்கள் பூச்சியை வைத்தாள் அம்மா. கண்ணாடி ஓட்டின் கடைசி வெளிச்சம் இரண்டின் மேலும் விழுந்தது.

"இதுல மாதிரி எது அக்கா? நீயே சொல்லு."

பெரியம்மா குனிந்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். மற்றதை எடுத்தார். மறுபடி முதலில் எடுத்ததையே எடுத்தார்.

"இது நான் கட்டினது. ரெண்டு வாலோட போச்சு, ஒரு வாலோட வந்துச்சு. கீச்சான் கடிச்சது. அங்க அந்த அம்மை போட்ட மீனு கடிச்சிருக்கு. உம்மேலயும் தப்பு இல்ல, எம்மேலயும் இல்ல, இவ மேலயும் இல்ல."

"கீச்சானுக்கு ஏதுடி பல்லு" என்றார் பெரியம்மா.

"அக்கா."

"நான் உறையிலருந்து எடுத்தப்ப ரெண்டு வாலு இருந்துச்சு. அப்பிடித்தான் முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். அவரும் அங்க சொல்லிட்டாரு. இப்ப போயி மீனு கடிச்சிச்சின்னு சொன்னா என்னயும் சேத்து வெளிய போவச் சொல்லுவாரு." குரலைத் தாழ்த்தினார். "புள்ள சொன்னா யாருக்கும் ஒண்ணும் போவாது. அவளுக்கு இன்னா வேலையா போவப் போவுது? வந்து நிக்கட்டும். ஒரே வார்த்தை. நாளைக்குக் காலையில உன் நாற்காலியில நீ உக்காரு."

பெரியம்மா அந்த உறைக்குள் பார்க்கவே இல்லை என்று இன்று நான் நினைக்கிறேன். பிரித்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டார். வேறு யாராவது கொடுத்திருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும். பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டால் மேற்பார்வை போய்விடும். அந்தக் கொட்டகையில் இழப்பதற்கு வேலை இல்லாத ஒரே ஆள் நான். அதனால் என் தலையில் வைத்தார். அவர் பயந்தது எனக்குப் புரிகிறது. புரிவதனால் நான் பிய்த்தவள் ஆகிவிட மாட்டேன்.

அம்மா தன் நாற்காலியைப் பார்த்தாள். அதில் அவள் பழைய புடவையில் தைத்துப் போட்ட சின்ன மெத்தை அப்படியே கிடந்தது. புதிதாக வந்தவள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள் போல. அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். என்னைச் சொல்லச் சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா மெத்தையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"அவ சொல்ல மாட்டா அக்கா. சொல்லுன்னு நானும் சொல்ல மாட்டேன்."

"யோசிச்சிப் பேசு."

"யோசிச்சிட்டேன். வாடி."

எங்கள் பூச்சியை எடுத்துக்கொண்டோம். அவர்கள் பூச்சியை அங்கேயே விட்டுவிட்டோம். பஸ் நிற்கும் இடம் வரை அம்மா என் கையை விடவில்லை. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஏறும்போது, "டக் டக்னு கல்லுல தட்டிச்சின்னியே, அத விரல்ல எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். வீடு வரை அதைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஞானத்தாய் வாங்கித் தருவதாகச் சொன்ன வெள்ளை உடுப்பு வரவில்லை. வாடகை உடுப்பில்தான் புதுநன்மைக்குப் போனேன். கழுத்துப்பட்டையில் வேறு யாருடைய பவுடர் வாசனையோ இருந்தது. அதற்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பெரியம்மா வந்திருந்தார். வராமல் இருந்தால் ஊர் கேட்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், நான் வந்ததும், "எல்லாத்தையும் சொன்னியா?" என்றார்.

"செஞ்சதை எல்லாம் சொன்னேன் பெரியம்மா."

என் காதைத் திருகினார். அந்தச் சிவப்போடுதான் மறுநாள் போட்டோவில் நிற்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம், தெரியாது.

அம்மா அதற்குப் பிறகு ரவிக்கை தைத்தாள், கோயில் பீடத்துக்குத் துணிப்பூ கட்டினாள். வெளிச்சம் விழும் நாற்காலி ஒன்று அவளுக்கு மறுபடி கிடைக்கவே இல்லை. சில வருடங்களில் முதலாளி இறந்து முஷ் கம்பெனியும் மூடிவிட்டது, அதற்கும் வாலுக்கும் சம்பந்தமில்லை. அம்மாவும் இப்போது இல்லை. நான் இன்னும் கல்லுப்பூச்சி கட்டுகிறேன். நோணாங்குப்பத்தில், படகு வரிசைக்குத் தள்ளி, இந்த வயதில் தூண்டிலோடு நிற்கிறேன். பொம்பளைக்கு எதற்கு இது என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். வேடிக்கை பார்க்க நிற்பவர்களுக்கு நிழல் விட்டு நகர்ந்து நிற்கிறேன், அவ்வளவுதான்.

ஆமாம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றீர்களே, இதுதான் குறைந்துவிடும். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருப்பதற்காக என் அம்மா அந்த நாற்காலியை விட்டாள். அவள் விட்டுக் கொடுத்து வாங்கியதைப் பிரியாணி இலைக்கு முன்னால் நான் சிரிப்புக்காகக் கொடுத்துவிட்டுப் போக மாட்டேன். பெரியம்மாவுக்கு நூறு வயதானாலும் மாட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு அடுத்த ஞாயிறு நீர் வடிகிற நேரம் பார்த்துப் பாலத்தடிக்குப் போனேன். ஒரு கீச்சானை ஈரத்துணியில் சுற்றிப் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருக்கு இப்போது பார்வை சரியாக இல்லை. சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"இன்னாடி அது, மீன் வாடை அடிக்குது."

"கீச்சான். அதுக்கு ஏது பல்லுன்னீங்களே, விரலக் குடுங்க."

செவுள் முள் படாமல் பிடித்து, அவர் சுட்டுவிரலை அதன் வாய்க்குள் வைத்தேன். மேல்தாடையில் முன்னும் பின்னும் மெதுவாகத் தடவிப் பார்த்தார். நிறுத்தினார். மறுபடி தடவினார். மருமகள் உள்ளே மிக்சி போட்டிருந்தாள். அது ஓயும் வரை விரலை எடுக்கவில்லை.

"இருக்குடி" என்றார்.